ஐந்தாவது ஃபவுல்

ஆறு வருடங்களுக்கு முன்பு, புதுக்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் அரையிறுதி. ஜெயித்தால் எங்கள் கல்லூரி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குப் போகும்.

எங்கள் அணியின் உயரமான பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கூடைக்கு அடியில் நின்று காக்கும் வேலை, வழக்கமாக முன்னால் ஓடிப்போய்ப் பந்தைப் போடும் ஃபார்வர்டான, ஐந்தடி மூன்று அங்குலமே இருக்கும் என் தலையில் விழுந்தது. எதிரணியில் அங்கே ஆடியவள் என்னைவிட ஒரு தலை உயரம். "இந்தக் குள்ளச்சி தாங்குவாளா?" என்று வேடிக்கை பார்த்தவர்கள் பேசியது காதில் விழுந்து, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் பந்தைத் தூக்கும்போதெல்லாம் எகிறிக் குதித்துத் தட்டப் பார்த்தேன். பந்து சிக்கவில்லை, அவள் கைதான் சிக்கியது. பாதி ஆட்டத்துக்குள் என் கணக்கில் மூன்று ஃபவுல். ஐந்தாகிவிட்டால் வெளியேற வேண்டியதுதான்.

மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. இடைவேளையில் நாங்கள் பதினோரு புள்ளி முன்னிலை. எங்கள் மாற்று ஆட்டக்காரிகள் இரண்டே பேர், இருவருமே கறம்பக்குடிப் பக்கம். கடைசி பஸ்ஸை விட்டால் வீட்டில் இனி விளையாடவே அனுப்ப மாட்டார்கள் என்று கையைப் பிசைந்தார்கள். நான்தான் கேப்டன். "கெளம்புங்கடி, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். தயங்கிய பி.டி. மேடத்திடமும் பேசி அனுப்பிவைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அதன் பிறகு அந்த உயரக்காரி கூடை கூடையாகப் போட்டுத் தள்ளினாள். முன்னிலை கரைந்தது. கடைசிக் கால்பகுதியில் நான்காவது ஃபவுலும் வாங்கினேன். பெஞ்சில் எங்கள் பைகள் மட்டும்தான் இருந்தன. இன்னொரு ஃபவுல் வாங்கினால் மீதி ஆட்டத்தை நாலு பேரை வைத்துத்தான் ஆட வேண்டும்.

களத்தில் என்னோடு ஆடிக்கொண்டிருந்த, தினமும் என்னோடு பஸ்ஸில் வரும் தோழி ஓடிவந்தாள். "ஏண்டி குதிக்கிறே? கந்தர்வக்கோட்டை பஸ்ல படிக்கிட்ட நிப்பேல்ல, ஒன்னைய யாராச்சும் நகத்த முடியுதா? அப்புடி நில்லு."

உண்மைதான். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, யாரையும் கையால் தள்ளாமல் இடம் பிடிப்பது எனக்குத் தினப்படி வேலை. பந்து வருவதற்கு முன்பே அவளுக்கும் கூடைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவள் தூரத்திலிருந்தே எறிய வேண்டியதாயிற்று. இரண்டு தடவை தவறவிட்டாள்.

சில நொடிகளே பாக்கி. நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. அவள் பந்தோடு திரும்பி நேராக என்மேல் வந்தாள். குதிக்கச் சொல்லி உடம்பு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளை நேராகத் தூக்கியபடி நின்றேன். அவள் தோள் நெஞ்சில் மோத, மல்லாந்து விழுந்தேன். விசில் கேட்டது. பந்தும் கூடைக்குள் விழுந்தது.

என்னால் எல்லாம் போச்சு என்று அழுகை முட்டியது. கண்ணைத் திறக்கவே இல்லை. தோழிதான் உலுக்கினாள். "அங்கிட்டு பாருடி."

நடுவர் மூடிய கையை உள்ளங்கையில் குத்திக் காட்டிக்கொண்டிருந்தார். தப்பு மோதியவள் மேல், அந்தக் கூடை செல்லாது என்று அர்த்தம். மிச்ச நொடிகளும் எப்படியோ ஓடிவிட்டன.

ஆட்டம் முடிந்ததும் அந்த உயரக்காரி வந்து கை கொடுத்தாள். "மொதல்லேருந்தே இப்புடி நின்னிருந்தா நாங்க கிட்டவே வந்திருக்க மாட்டோம்ங்க" என்றாள்.

இறுதிப் போட்டியில் தோற்றுப்போனோம், அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு பொறுப்பை ஏற்கும்போதெல்லாம், என் வீம்பால் மாட்டிக்கொண்ட நாலு பேரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையில் கிடந்த அந்தச் சில நொடிகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன.