தறிக்காரன் கையும் ஜீப் கயிறும்

விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு மூளைக்கு முன்னால் கை வேலை செய்துவிடும். தறியில் அது நல்ல குணம், ஆகாயத்தில் அது என்ன குணம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, பகலில் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர்களே, உங்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். கொண்டலாம்பட்டித் தறிக்கூடத்தில் எனக்கு நிரந்தரமாக நைட் ஷிப்ட். எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, பனமரத்துப்பட்டி ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த ஏரிக்குள் ஆட்களைப் பழக்கினார். முன்னால் ஜீப் ஓடும். பின்னால் கயிற்றில் கட்டிய ஆள் பாராசூட்டோடு பட்டம் மாதிரி மேலே போவான். ஜீப் வேகம் குறைந்தால் கயிற்றோடேயே இறங்குவான். நன்றாகத் தேறிய பிறகு, உச்சியில் இருக்கும்போது இடுப்புப் பக்கமுள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்து, கயிற்றை விட்டுவிட்டுத் தனியாக இறங்கலாம்.

சைக்கிளில் போய் வேடிக்கை பார்த்த எனக்கு, செத்துப்போவதற்குள் ஒரு தடவை கயிற்றை விட்டுவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். ஏரிக்குத் தண்ணீர் வந்தால் பழக்கம் நின்றுவிடும். ஐப்பசி பக்கத்தில் இருந்தது.

விழப் பழகியது

எதையும் புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்றுக்கொள்வது என் வழக்கம். பழைய புத்தகக் கடையில் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. காலைச் சேர்த்து, முட்டியை மடக்கி, விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் உருள வேண்டும். வீட்டில் கட்டில் மேல் ஏறிக் குதித்துப் பழகினேன். எந்தப் பக்கம் உருள்கிறேன் என்று பார்க்க எதிரில் நிலைக்கண்ணாடியை வைத்தேன். அதன்பின் இடது எது, வலது எது என்பதும் குழம்பிவிட்டது.

சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்து என் மனைவி சரோஜா வந்து நின்றாள். நான் இன்னொரு தடவை ஏறிக் குதிப்பதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தூக்கத்துல கட்டில்ல இருந்து உழுந்தவங்களைப் பார்த்திருக்கறனுங்க. உழுகறதுக்குன்னே கட்டில் ஏறுற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

துணி நன்றாக இருந்தது

முதல் தடவை மேலே போனபோது பயமே இல்லை. காரணம், நான் பாராசூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் துணிக்கு அந்தப் பக்கம் அடித்ததால் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. ஓர் இடத்தில் ஊடை, அதாவது குறுக்கிழை, விட்டுப்போயிருந்தது. எந்தத் தறியில் ஓட்டினார்களோ, ராத்திரி ஓட்டியிருப்பான், பாவம், கண் சொக்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தரை எப்போது வந்தது என்று தெரியாது. காலும் இல்லை, உருளலும் இல்லை, நேராக உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே, ஓடி வந்தவரிடம் ஊடை விட்டுப்போன இடத்தைக் காட்டினேன். சுபேதார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "யோவ் தறிக்காரரே, துணி எங்கேயும் போயிடாது. கீழ பூமி வந்துக்கிட்டே இருக்குது, அதையும் கொஞ்சம் பாரும்!"

வெறுங்கயிறு

தறியில் சத்தம் மாறினால் வலது கை தானாகப் போய்க் கைப்பிடியை இழுத்து நிறுத்திவிடும். குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா, நெடுக்கிழைப் பாவுக்குள் சிக்கினால் யோசிக்க நேரமில்லை. யோசித்தால் பாவே அறுந்துபோகும். இது உங்கள் வேலையிலும் இருக்கும். கண்டக்டராக இருந்தால் தூக்கத்திலும் விசில் ஊதுவீர்கள்.

அடுத்த ஞாயிறு நான் மேலே ஏறும்போது ஜீப்காரர் முத்துசாமி கியர் மாற்றினார். கயிறு ஒரு கணம் தொய்ந்து, தலைக்கு மேலே துணி படபடவென்று அடித்தது. சிவப்புக் கைப்பிடி என் வலது இடுப்பில் இருந்தது. சுபேதார் சொல்லும்வரை தொடவே கூடாது என்பது சட்டம். தொட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. புளியமர உயரம்கூட ஏறியிருக்க மாட்டேன், கயிறு போய்விட்டது. தொய்ந்த பாராசூட் மறுபடி சரியாக விரிவதற்குள் தரைக்கு வந்து, உருண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன். உருண்டது எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.

முத்துசாமி நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர். ஏரியின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலேயே கேட்டார்: "ஏனுங்ணா, பின்னால லோடு இருக்குதுன்னு நம்பி நான்பாட்டுக்குப் போறேன். திரும்பிப் பார்த்தா வெறுங்கயித்த இழுத்துக்கிட்டுப் போறனுங்களே, எறங்குறதுன்னா ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா?"

இடது கை

அந்தக் கையை நம்ப முடியாது என்று சுபேதார் சிவப்புக் கைப்பிடியை இடது பக்கம் மாற்றிவிட்டார். இனி உச்சிக்குப் போனதும் அவர் கீழே கொடி அசைப்பார். நான் இழுக்க வேண்டும். கொடி அசைந்தது. வலது கை வெறும் இடுப்பைத் துழாவியது. இடது கை, உத்தரவு வேறு யாருக்கோ வந்த மாதிரி சும்மா இருந்தது. கயிற்றோடேயே இறங்கினேன். அடுத்த ஞாயிறும் அதேதான்.

இதில் தறியும் கெட்டது. இடது கை, இடது கை என்று பகலெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுப் போய் நின்றால், நாடா சிக்கும்போது இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பாதிப் பாவு அறுந்து தொங்கியது. மேஸ்திரி என் காதருகே வந்து கத்தினார்: "தறி கைப்பிடி அதே எடத்துலதான் இருக்குது, நீதான்யா வேற எங்கியோ இருக்கற!"

கரண்டு போன மாதிரி

ஜருகுமலை மேல் மேகம் உட்கார்ந்துவிட்டது. ஏரியின் பள்ளமான பகுதியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. "இன்னைக்குக் கயித்த விட்டா விட்டீர். அடுத்த ஞாயிறு இங்க மீன்தான் பழகும்" என்றார் சுபேதார். மேலே போனேன். இடது, இடது என்று முணுமுணுத்தேன். முணுமுணுக்க முணுமுணுக்க எது இடது என்பது மறந்தது.

அப்போது முத்துசாமி கோடியை எட்டி, எதிரே தேங்கிய தண்ணீரைக் கண்டு ஒரேயடியாக வேகத்தைக் குறைத்தார். கயிறு தொய்ந்தது. காதில் அடித்த காற்று சட்டென்று நின்றுபோனது. அப்படி ஓர் அமைதியை நான் தறிக்கூடத்தில் மட்டுமே கேட்டிருக்கிறேன், கரண்டு போகும்போது. கரண்டு போனால் நடுவில் நின்று, இந்தப் பக்கத் தறியையும் அந்தப் பக்கத் தறியையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுத்து நிறுத்துவோம். இல்லாவிட்டால் கரண்டு திரும்பும்போது தறி தானாக ஓடும். என் இடது கைக்குத் தெரிந்த ஒரே வேலை அது. இரண்டு கையும் இழுத்தன. வலது கைக்குக் காற்று கிடைத்தது. இடது கைக்குச் சிவப்புக் கைப்பிடி கிடைத்தது.

கொடி அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. கயிறு கீழே பாம்பு மாதிரி நெளிந்து போனது. இரண்டு கைக்கும் வேலை இல்லை. அழுகிறேனா என்று தொட்டுப் பார்த்தேன். கன்னம் ஈரமாகத்தான் இருந்தது, தூறலாகவும் இருக்கலாம். காற்று என்னைக் கரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஓர் அரளித் தோட்டத்தில் இறக்கியது. காலைச் சேர்த்து, சரியாக உருண்டேன். பூப்பறித்துக்கொண்டிருந்த அம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஏனுஞ் சாமி, மேல இருந்து வாரவங்க வரப்புல எறங்கக் கூடாதுங்களா? மொட்டெல்லாம் போச்சுங்க!"

ஆக, இத்தனை பாடுபட்டு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உச்சியில் கயிற்றை விட்டவன், அதையும் கரண்டு போய்விட்டது என்று நினைத்துத்தான் விட்டேன்.