காற்று வலித்த கை

அந்த வருடம் அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் வடக்குப்பட்டு வாடகை வீட்டில் மின்விசிறி ஓடவே இல்லை. கரண்ட் இருந்தது, மின்விசிறியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் காற்று பட்டாலே என் கணவருக்கு வலது கை தீயில் வைத்ததுபோல் எரியும். வேர்வையில் நனைந்தபடி இருவரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடப்போம்.

ஒரகடம் தொழிற்சாலையில் காருக்கான ஒயர் கட்டும் லைனில் வேலை பார்த்தவர் அவர். ஒயர் முனைகளை இணைக்கும் கனெக்டர் சரியாகப் பூட்டியதா என்று கண்ணால் பார்க்கமாட்டார், கட்டைவிரலுக்கே தெரியும். வீட்டிலும் அந்தப் பெருமைதான். ஷிப்ட் முடிந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுவார். நான் ஒரு விரலால் தொட வேண்டும், எந்த விரல் என்று அவர் சொல்லிவிடுவார். "சுண்டு விரலு. இன்னா, என்னியே ஏமாத்தறியா?" என்று சிரிப்பார். ஒருநாளும் தோற்றதில்லை, பாவி மனுஷன்.

பிறகு மெஷினில் அந்த முன்கை மாட்டி நசுங்கியது. காயம் ஆறியது, வலி ஆறவில்லை. நான் தொட்டால் அலறினார். "காயத்துல ஒண்ணும் இல்லம்மா. முதுகுத்தண்டுக்குள்ள இருக்கிற நரம்பு செல்லுங்க, சும்மா தொட்டாக்கூட அடி விழுந்துச்சுன்னு மூளைக்குச் சொல்லுது. இந்த மாத்திரை அதுங்கள அடக்கும்" என்றார் டாக்டர்.

அடக்கத்தான் செய்தது. டோஸைக் கூட்டக் கூட்ட எரிச்சல் போனது. மின்விசிறியைப் போட்டோம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை அவர் பழையபடி கண்ணை மூடிக் கையை நீட்டினார். நான் தொட்டேன். அவர் காத்திருந்தார். "தொடேன், இன்னா வெக்கம்?" என்றார். என் விரல் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார், எரிச்சல் திரும்பியது. கூட்டினால் என் விரல் காணாமல் போனது. நடுவில் ஓர் அளவு கிடைக்கும் என்றார்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரியாமல் சில நாள் மாத்திரையைத் துப்பியிருக்கிறார். "எரிஞ்சா எரியட்டும். நீ தொடறது தெரிஞ்சா போதும், தொடு" என்று கெஞ்சினார். தொட்டேன். "மோதிர விரலு" என்றார், சரியாக. அடுத்து அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

இப்போது மாத்திரையை நானே கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்கிறேன். லைன் வேலை போய்விட்டது. கையை நீட்டுவதையும் விட்டுவிட்டார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவரின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். புரண்டு படுக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு, "எப்ப வந்தே?" என்று கேட்கிறார்.