அண்ணனின் ஆல்பத்தில் எதிர்வீட்டு மிதியடி

அப்பாவின் ஸ்கூட்டர் இருமிவிட்டு அணைகிறது. வாசலில் நிற்கும் அண்ணன், “தவறு. மீண்டும் முயற்சி செய்யுங்கள்” என்கிறான். அவனுடைய டேப்லெட்டுக்குள் இருக்கும் பெண்குரலேதான், இழுவைகூட மாறாது. ஒருவழியாக வண்டி கிளம்பினால், “மிகச் சரி!” அப்பாவும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “ரொம்ப நன்றிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அண்ணனுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம். புத்தகத்தை நீட்டினால் அட்டையை முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவான். அவனுடைய டீச்சர்தான் டேப்லெட்டோடு வந்தார். “புடிச்சத அவனே படம் எடுக்கட்டும். கீழ எழுத்தத் தொட்டுத் தொட்டு அவனே பேர் வைக்கட்டும்” என்றார். வைத்தான். சலவை இயந்திரத்தின் கண்ணாடி வட்டம், மாடிப்படிக் கைப்பிடி, பேருந்துக் கதவு என்று எடுத்ததையெல்லாம் எழுதி, ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி, பெண்குரலோடு சேர்ந்து வாசிக்கிறான். முகங்களை மட்டும் எடுக்க மாட்டான். அப்பா என்றால் ஹெல்மெட். அம்மா என்றால் கைக்கடிகாரம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா கைதட்டுகிறாள். எட்டாம் வகுப்பை இரண்டாம் முறையாக அனுபவித்துக்கொண்டிருக்கும் நான் ஒரு பத்தியையே பிழையில்லாமல் வாசித்தாலும், “சரி சரி, மொட்டமாடில துணி காயுது, எடுத்துட்டு வா” தான். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டு மிதியடிக்கே இடம் கிடைத்த அந்த ஆல்பத்தில் நான் மட்டும் இல்லை. வயிறு எரியாதா?

நேற்று அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டேப்லெட்டில் ‘மின்விசிறி’ என்ற சொல்லுக்கு மேலிருந்த படத்தைத் தூக்கிவிட்டு, பல்லெல்லாம் தெரிய என் மூஞ்சியை வைத்தேன். வந்தான். பார்த்தான். “தவறு.” என் பல் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏன்டா அவன்கிட்ட வம்புக்குப் போற?”

“ஹெல்மெட்ட விட நான் மட்டமாம்மா?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். குரல்தான் விளையாட்டாக வரவில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது.

முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த அண்ணனும் நின்றான். என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தான். தெருவில் ஹாரன் அலறும்போது நான் அவன் காதுகளைப் பொத்துகிற கைகள். படம் எடுத்தான். திருப்தியில்லை, விரல்களைச் சேர்த்துவைத்து மறுபடி எடுத்தான். பிறகு எழுத்துகளைத் தேடித் தேடித் தொட்டான். த. ம். பி.

வழக்கமாக உடனே ஒலிபெருக்கியைத் தட்டிவிடுவான். அந்தப் பெண் வாசித்துவிடுவாள். இந்த முறை தட்டவில்லை. பக்கத்திலேயே, நம் குரலைப் பதிய ஒரு சிவப்பு வட்டம் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அண்ணன் அதை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்காமல், டேப்லெட்டை என் வாய்க்கு நேரே பிடித்தான்.