குனிந்து நுழைந்த வீடு

பாகூர் ஏரியை ஒட்டிய ஊரில் என் பெரியப்பா இருந்த வீட்டின் வாசல்நிலை, எனக்கு மனதில் அல்ல, நெற்றியில்தான் நினைவிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து நாலு தடித்த புத்தகங்களைப் படித்துவிட்ட தெம்பில் நான் தலைநிமிர்ந்து திரிந்த காலம். என்னைக் குனியச் சொல்ல வேறு யாருக்கும் துணிவில்லை. அந்த நிலை மட்டும் ஒவ்வொரு விடுமுறைக்கும் தவறாமல் சொன்னது. இன்று அரியாங்குப்பத்தில் என் வீட்டு முன்னால் சாலை போட ஜல்லி இறங்கினாலே கை தானாக நெற்றிக்குப் போகிறது.

வீட்டைக் கட்டியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன்வரை போய், பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆறடி மனிதர், தொப்பியைக் கழற்றாமல் நுழையும்படி வாசல் வைத்தாராம். அவருக்குப் பின் சாராயக்கடைக் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். அதற்குள் தெருவில் சாலைமேல் சாலை போட்டு மேடாகிவிட, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கியது. அவர் உடைந்த பாட்டிலையும் அடுப்புச் சாம்பலையும் கொட்டித் தரையை உயர்த்தினார். அடுத்து வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வாத்தியார் குடும்பம். சாலை மறுபடி உயர்ந்தது. வாத்தியார் செங்கல் துண்டுகளைப் பரப்பிச் சிவப்பு சிமெண்டு பூசினார். தரை ஏற ஏற, ஒவ்வொருவரும் கதவுகளின் அடியை அறுத்தார்கள். கூரை மட்டும் யாருக்காகவும் நகரவில்லை. "கோயில்ல கூட நான் இவ்ளோ குனிஞ்சதில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வாத்தியார் வீட்டை விற்றாராம். பெரியப்பா அதை வீட்டின் பெருமையாக எடுத்துக்கொண்டு வாங்கினார்.

பெரியப்பாவுக்கு மளிகைக்கடை. சும்மா கிடைப்பதை வேண்டாமென்பது அவருக்குப் பாவம். எழுபதுகளின் கடைசியில் ஏரியைத் தூர் வாரியபோது, வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கூடமெங்கும் கொட்டி, மேலே மெல்லிசாகச் சிமெண்டு பூசினார்.

"வண்டல் ஈரத்த வுடாதுங்க" என்றாள் பெரியம்மா.

"நாம இன்னா நாத்தா வுடப் போறோம்? வூடுதான!"

அந்த ஐப்பசியில் கூடத்துத் தரைக்கு லேசாக வயிறு தள்ளியது. பின்னறைச் சுவரில் ஈரம் தோள் உயரம் ஏறியது. அந்த அறையில்தான் பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள், பச்சைக்குழந்தையோடு படுத்திருந்தாள்.

நானும் விடுமுறைக்குப் போயிருந்தேன். விடாமல் பெய்த மழையில் ஒருநாள் காலை, கூடத்துப் பக்கமாகத் திறக்கும் அவள் அறைக்கதவு அசைய மறுத்தது. உப்பிய தரை அதன் அடியைக் கவ்வியிருந்தது. குழந்தை விழித்துவிடாதபடி அக்கா மெதுவாகத்தான் சொன்னாள்:

"அப்பா, செவுரு உள்ள தள்ளிக்கினு வருதுப்பா. மண்ணு கொட்டுது."

ஜன்னலில் இரும்புக் கம்பி. நான் வீரமாகக் கோடரியை எடுத்தேன்.

"கதவ அடிச்சா செவுரும் கூட வரும்டா, படிச்சவனே! கடப்பாரைய எட்றா!"

பெரியப்பா தான் போட்ட தரையைத் தானே பெயர்த்தார். கறுப்பு வண்டல் குழைந்து குழைந்து வந்தது. அதன் கீழ் வாத்தியாரின் சிவப்பு சிமெண்டும் வெடித்து எழும்பியிருந்தது. அதையும் தோண்டினால் கஞ்சிபோல் ஊறிய சாம்பல்; பாட்டில் துண்டு அவர் காலைக் கிழித்தது. கடைசியில் சொல்தா பதித்த சதுரக் கற்கள், ஆடாமல். அதில் காலை ஊன்றி இழுத்ததும் கதவு வந்தது. அக்கா முதலில் குழந்தையை நீட்டினாள். என் படிப்புக்கு அன்று கிடைத்த வேலை அதை வாங்கிக்கொள்வதுதான். அதையும் தலைகீழாக வாங்கியதாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

எல்லோரும் தெருவுக்கு ஓடி, வாசல்வழியே திரும்பிப் பார்த்தோம். பெரியப்பா மட்டும் குழிக்குள்ளேயே நின்றார். அறைவாசலின் நிலை அவர் தலைக்கு வெகு மேலே இருந்தது. கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா ஒசரம்டா இது!"

"யப்பா, வெளிய வா!" என்று தெருவிலிருந்து அக்கா கத்தினாள். அவர் வாசலைத் தாண்டவும், பின்னறைச் சுவர் அவள் படுத்திருந்த கட்டிலின் மேல் இறங்கியது.

மழை விட்டதும் கிருமாம்பாக்கத்திலிருந்து அக்காவின் கணவர் மாட்டுவண்டியோடு வந்தார். பெரியப்பா வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

"செவுர எடுத்துக் கட்டணும். நாலு நடை மண்ணு கொண்டாந்து போடுபா. வண்டல் வாணாம், நல்ல செம்மண்ணா பாரு."

"அந்த ரூம்ல யாரு படுக்கறதுக்குப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"நீதாம்மா. இனிமே பயமில்ல."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். பெரியம்மாவும், யாரும் கூப்பிடாமலே, பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனை திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து மண் விழும் சத்தம் கேட்டது. செம்மண் வரும்வரை பொறுக்காமல், அள்ளிக் குவித்த வண்டலையே பெரியப்பா குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.