ஆலா, ஓடா?

அந்த அம்மாவை முதன்முதலாகப் பார்க்கிற யாரும் ஒரு சாவைச் சுமந்துகொண்டுதான் போய் நிற்பார்கள். இதை எழுதுபவனும் அப்படித்தான் நின்றான். நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் சாளரம். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட வட்டங்கள், அதில் ஒன்றுக்குள் அவன். "உங்கப்பா சான்றிதழ் தயார். இன்னைக்கே வந்து வாங்கிடுங்க, நாளைக்குன்னு இழுக்காதீங்க" என்று மதியம் தொலைபேசியில் அழைத்த குரல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. ஏன் இன்றைக்கே என்பது அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் இறப்புப் பதிவேட்டு எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. பக்கத்துச் சாளரத்தில் பிறப்பைப் பதிகிறவர்தான் பட்டப்பெயர் வைத்தது: "ஆரம்பிச்சு வைக்கிறது நானு, முடிச்சு வைக்கிறது நீங்க. நீங்கதான் முற்றுப்புள்ளி." அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

முற்றுப்புள்ளிக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. பதிவேட்டில் அழிக்கக் கூடாது. தப்பு நேர்ந்தால் அதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தியதற்குக் காரணம், தேதி, கையெழுத்து. "வெள்ளை அடிக்கணும்னா வீட்டுச் சுவத்துக்கு அடிங்க" என்பார்.

தொற்று வந்தது. வழக்கமாக எட்டு மாதம் வருகிற ஏடு ஐந்தே வாரத்தில் நிரம்பியது. வெளிநாட்டில் செவிலியாக இருக்கும் தங்கை தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் கூப்பிடுவாள்.

"ஏன்க்கா, உங்க ஊர்ல நேத்து மூணே பேர்தான்னு செய்தியில சொன்னாங்களே?"

"என் ஏட்டுல பத்தொன்பது."

"மிச்சம் பதினாறு பேரும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"வாயைப் பாரு. உங்க நாட்டுல எப்படிடி?"

"இங்க சந்தேகம்னாலே கணக்குல சேர்த்துடுறாங்க. அதனால உலகமே எங்களைத் திட்டுது. பக்கத்து நாட்டுக்காரன் ஆஸ்பத்திரியில செத்தா மட்டும்தான் எண்ணுவான். வீட்ல செத்தவன் அவனுக்குச் சாகவே இல்ல. அவனைத்தான் கெட்டிக்காரன்னு மெச்சுறாங்க."

"விடைத்தாளே கொடுக்காதவன் பெயிலே ஆகலேன்ன கதைதான்."

சிரித்துவிட்டு டப்பாவை மூடினார். அன்று சாயங்காலமே அந்தச் சிரிப்புக்குச் சோதனை வந்தது. சுகாதார அதிகாரி தட்டச்சு செய்த பட்டியலோடு வந்து நின்றார். நாற்பத்தொரு பெயர்கள்.

"ஏம்மா, காரணக் கட்டத்துல 'தொற்றால்'னு எழுதியிருக்கீங்க. அதைத் 'தொற்றோடு'ன்னு மாத்திடுங்க. இவங்க எல்லாருக்கும் சக்கரை, நெஞ்சுவலின்னு ஏற்கெனவே இருந்திருக்கு. தொற்றும் கூட இருந்துச்சு, அவ்வளவுதான். 'ஓடு'ன்னா எண்ணிக்கைக்கு வராது. மத்த நாட்டுலயும் இப்படித்தான் எழுதறாங்களாம்."

"டாக்டர் சீட்டுல 'ஆல்'னுதானே சார் இருக்கு?"

"ஒரு உருபும்மா. அதுக்காக வேலையைப் பணயம் வைப்பாங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க."

அது மிரட்டல்தான் என்பது அவருக்குப் புரிந்தது. முன்பு எதிர்த்துப் பேசிய ஒருவரைத் தூக்கியடித்த இடத்துக்கு இன்னும் பேருந்து கூடப் போவதில்லை. பட்டியலை ஏட்டுக்கு அடியில் செருகி மூன்று நாள் அதன் மேலேயே எழுதினார். ஆல், ஓடு இரண்டும் மூன்றாம் வேற்றுமைதான், ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று கொன்றவனைக் கைகாட்டும். இன்னொன்று, கூட நின்றவன்தான் என்று சொல்லித் தப்பிக்க விடும்.

வியாழக்கிழமை ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் மனைவி வந்தாள். பட்டியலில் ஏழாவது பெயர் அவள் புருஷனுடையது.

"அக்கா, அவர் சக்கரையில போயிட்டாருன்னு எழுதப் போறாங்களாமே? டிப்போவுல பேசிக்கிறாங்க."

முற்றுப்புள்ளி ஏட்டுக்கு அடியில் துருத்திய பட்டியலை உள்ளே தள்ளினார்.

"இருபது வருசமா சக்கரையோடதான்க்கா வண்டி ஓட்டினாரு. சக்கரையோடதான் சிரிச்சாரு, சண்டை போட்டாரு. அப்பெல்லாம் சாகலியே? இந்த எழவெடுத்த தொற்றாலதானே செத்தாரு!"

வேற்றுமை உருபு என்றால் என்னவென்றே அறியாதவள் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டாள். முற்றுப்புள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ வீட்டுக்குப் போம்மா. நாளைக்கு போன் பண்றேன், உடனே வா."

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். "முடிஞ்சுதா?"

"இதோ ஆரம்பிக்கிறேன் சார்." ஏட்டை விரித்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தார். "விதிப்படி பக்கத்துல திருத்தினதுக்குக் காரணம் எழுதணும். 'அதிகாரி சொன்னதால்'னு எழுதிடவா? நாற்பத்தொரு தடவை?" பேனா முனையால் ஏட்டின் ஓரத்தைத் தட்டினார். "பாருங்க சார், அதுலயும் 'ஆல்'தான் வருது."

பிறப்புச் சாளரத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. அதிகாரியின் முகம் சிவந்தது.

"என் பேரெல்லாம் எழுதக் கூடாது."

"அப்ப நீங்களே கோடு போட்டு நீங்களே கையெழுத்துப் போடுங்க. இந்தாங்க பேனா."

பேனாவை அவர் தொடவில்லை. "நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் உட்காருவான். அவன் மாத்துவான்."

"நீங்க 'ஓடு'ன்னா ஓடறவ நான் இல்ல சார்."

அவர் போனதும் முற்றுப்புள்ளி தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார். சான்றிதழ் ஒருமுறை குடும்பத்தின் கைக்குப் போய்விட்டால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்தப் பதிவை யாரும் தொட முடியாது. சாயங்காலம் ஐந்து மணிவரை அவருக்கு நேரம் இருந்தது. முதல் பெயரிலிருந்து வரிசையாக அழைத்தார். ஏழாவதாக அழைத்தவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இருபத்தேழாவதாக அழைத்தது இதை எழுதுபவனை. கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய அப்பாவைப் பற்றிய அந்தத் தாளை, வீட்டிலேயே முதல் பட்டதாரியான மகன் சாளரத்தருகே நின்று எழுத்து எழுத்தாக வாசித்தான். காரணம்: தொற்றால்.

"சரியா இருக்கா தம்பி?"

"இருக்குங்கம்மா."

"அப்ப கையெழுத்துப் போடு. நல்லாப் புரியற மாதிரி போடு."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாற்பத்தோராவது தாளும் வெளியே போனது. திங்கட்கிழமை அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

இப்போது அவர் அதே கட்டடத்தின் பின்பக்கம், நாய் வளர்க்க உரிமம் கொடுக்கும் அறையில் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஏட்டில் நாற்பத்தொரு வரிகளிலும் 'ஆல்' அப்படியே இருக்கிறது.