ரகம் பிரிக்கிறவன்

ரகம் பிரிக்கிற வேலைக்கு வந்தவனுக்கு எல்லாரும் வணக்கம் சொல்வார்கள், ஒருத்தரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். உங்களுக்கும் இப்படியொரு வேலை வாய்த்திருந்தால் என் பாடு புரியும். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருக்கிறேன். லோரி கொட்டுகிற குலைகளைக் கம்பியால் புரட்டி, இது பழம், இது செங்காய், இது காய், இது அழுகல் என்று சொல்ல வேண்டும். காய் என்று தள்ளினால் ஓரமாய்க் கிடந்து அதே லோரியில் திரும்பிப் போகும்.

புடவைக் கடையில்

தங்கச்சிக்குப் புடவை எடுக்க ரவாங் போயிருந்தோம். "நெறய ரகம் இருக்குண்ணே" என்று கடைப்பெண் சிரித்தபடி விரித்தாள். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லார் முகமும் மலர்கிறது, எங்கள் ஆலையில் "என்ன ரகம்?" என்று கேட்கிற லோரிக்காரனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் புரட்டி, தேறும், தேறாது என்று இரண்டு குவியலாகப் போட்டுவிட்டேன். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். கடைப்பெண் கேட்டாள்: "அண்ணே, நீங்க பொடவ எடுக்க வந்தீங்களா, கடைய இழுத்து மூட வந்தீங்களா?"

முறுக்கு டப்பா

லோரி ஓட்டுகிற பெருமாள் என் சின்ன வயசுக் கூட்டாளி. எஸ்டேட் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். பழம் கொண்டு வருகிறவர்களிடம் எதையும் வாங்கக் கூடாது, தேத்தண்ணிகூடக் கூடாது என்பது ஆலைச் சட்டம். தீபாவளிக்கு அவன் முறுக்கு டப்பாவை நீட்டினான். மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கினால், இனி அவன் பழம் தேறும்போதெல்லாம் முறுக்கால்தான் தேறியது என்பார்கள். "வேணாண்டா, எடுத்துட்டுப் போ" என்றேன். அவன் டப்பாவைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினான்: "பாத்துக்கடா, இதுல காயும் இல்ல, அழுகலும் இல்ல, என் பொண்டாட்டி கை வலிக்கப் புழிஞ்சது லா!"

ஒட்டுக்கடை மேசை

அதற்கப்புறம் ஜெராம் ஒட்டுக்கடையில் சாப்பிடப் போனால் பெருமாளும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போக ஆரம்பித்தான். என் மேசை நாற்காலிகள் சும்மா கிடக்கும். கோபம் வரும், அதைவிட ஏக்கம் வரும். ஒருநாள் ஒரு புது டிரைவர் தெரியாமல் என் எதிரே உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கு அத்தனை சந்தோஷம். கடைக்காரம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் பொட்டலத்தோடு எழுந்தார்: "தப்பா நெனைக்காதீங்கண்ணே, நாளைக்கு நான் லோரி கொண்டு வரணும்."

வராத பத்திரிகை

பெருமாள் மகளுக்குக் கல்யாணம். என் தோளில் தூங்கி வளர்ந்த பெண். லயத்துக்காரர்கள் எல்லார் வீட்டுக்கும் வெற்றிலைத் தட்டோடு பத்திரிகை போய்விட்டது. நான் தனிக்கட்டை, வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பேன். யாரும் வரவில்லை. கல்யாணம் முடிந்து அவன் லோரியோடு ஆலைக்கு வந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "என்ன மறந்துட்டியாடா?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன் வாசல் வரைக்கும் தட்டோட வந்தேன்டா. என் பொண்டாட்டி முன்னாடி அதையும் நீ வேணாம்னு திருப்பிட்டா என்னால தாங்க முடியாதுன்னு அப்படியே போய்ட்டேன்."

அன்றைக்கு அவன் லோரியில் ஒரு காய்கூட இல்லை. ஒதுங்கி ஓரமாய்க் கிடந்தது நான் மட்டும்தான்.