டேப் தடுத்த மாத்திரை

ராசிபுரம் பக்கத்து முதியோர் இல்லத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை அப்பாவின் தோளைப் பிடித்தபடியே நிற்பார். கொடுத்த மருந்தைப் பதிவு செய்ய, நோட்டுக்குப் பதிலாகத் தொடுதிரை டேப் வந்தபோது அதிகம் முணுமுணுத்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, நேத்து உங்கப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரைய ரெண்டாந்தடவை குடுக்கப் போயிட்டேனுங்க. ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு இந்த டேப்புதான் காட்டுச்சு."

"அதான் குடுக்கலையே, விடுங்க" என்றேன்.

"அது சரிங்க. நோட்டுல எழுதுன காலத்துல எத்தனை பேருக்கு இப்படிக் குடுத்தேனோ, தெரியலீங்களே."

அவர் சொல்லாவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

விஷயத்தைக் கேட்ட தம்பி, அப்பாவை வேறு இல்லத்துக்கு மாற்றச் சொன்னான். அந்த நர்ஸம்மா அங்கே இருக்கும்வரை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.